மாத்திரைக்குக் கேட்காத பல்வலி

மகாராஜபுரத்தில் ஒருவருக்குக் கடவாய்ப்பல்லில் வலி வந்தால் அது எந்த வழியாகப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் கிராம்பு. அடுத்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வயதானவர்கள் வலிக்கிற இடத்தில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொள்வதும் உண்டு. மூன்றாம் நாள் வத்திராயிருப்புக்குப் போகிற யாராவது மருந்துக்கடையில் நின்று, “அண்ணாச்சி, பல்லு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க” என்று வாங்கி வருவார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் பல் டாக்டர். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வேர் சிகிச்சை செய்வார். இல்லையென்றால் பல்லைப் பிடுங்குவார். வலி தீர்ந்துவிடும்.

மிகப் பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் இரவெல்லாம் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கக் கூடாது. பல் வலித்தால் சொத்தை, ஈறு வீங்கினால் சீழ் என்பதே வழக்கம். ஆனால் மிகச் சிலருக்கு, பல்வலி போலவே தொடங்கி, சீழ்க்கட்டி போலவே வீங்கி, கடைசியில் தாடைப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. அவர்களும் மேலே சொன்ன அதே வழியில்தான் போகிறார்கள். மாத்திரையை மாற்றுகிறார்கள், அடுத்த பல்லையும் பிடுங்கிக்கொள்கிறார்கள், மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வழியிலிருந்து எந்த இடத்தில் விலகித் திரும்ப வேண்டும் என்பதைத்தான் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சொத்தைப் பல்லில் நடப்பது இதுதான். கிருமி எனாமலை அரித்துக்கொண்டு பல்லின் நடுவிலுள்ள மென்சதைக்கு வந்து சேர்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள அந்தச் சதை செத்துப்போகிறது. பிறகு வேர் நுனி வழியாகக் கிருமி எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. அது ஈறில் கொப்புளமாக உடையும், அல்லது கன்னத்தை வீங்க வைக்கும். இதில் குற்றவாளி யார் என்பது தெளிவு: ஒரு குறிப்பிட்ட பல். அந்தப் பல்லைச் சுத்தம் செய்தாலோ எடுத்துவிட்டாலோ இரண்டு மூன்று நாளில் வலி குறைந்துவிடும், ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். இரண்டு வாரம் ஆனால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது.

புற்றுநோய் வருகிற வழி வேறு. அது ஈறின் மேல்தோலில் தொடங்கலாம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தொடங்கலாம். மேல்தாடையின் உள்ளே மூக்கை ஒட்டியுள்ள காற்றறையில் தொடங்கலாம். அபூர்வமாகத் தாடை எலும்பிலேயே தொடங்கலாம். ஈறு மிக மெல்லியது. அதற்கு அடியில் உடனே எலும்பு. அதனால் ஈறில் முளைத்தது சிறியதாக இருக்கும்போதே எலும்பைத் தொட்டுவிடுகிறது. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கரைந்தால் பல் ஆடும். பல் ஆடினால் ஈறு நோய் என்றுதான் நோயாளிக்கும் தோன்றும், வேலை நெருக்கடியில் இருக்கும் மருத்துவருக்கும் தோன்றும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “மாத்திரை போட்டேன், கொஞ்சம் கேட்டுச்சு” என்று நோயாளிகள் சொல்வது உண்மைதான். வாய்க்குள் இருக்கிற எந்தப் புண்ணிலும் வாய்க்கிருமிகள் ஏறிக்கொள்ளும், புற்றுப்புண்ணிலும் அப்படியே. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் அந்த மேல்கிருமியை அடக்குகின்றன. நாற்றம் குறையும், சீழ் குறையும், கூடவே வாங்கிய வலி மாத்திரை வலியையும் தணிக்கும். நான்கைந்து நாள் நிம்மதி. அதைப் பார்த்து, “கிருமிதான், மருந்துக்குக் கேட்கிறதே” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்புகிறது. இன்னொரு செட்டு. பாதி கேட்பது நல்ல அறிகுறி என்று நாம் நினைக்கிறோம். பல் சீழுக்கு உரிய சிகிச்சை செய்தபிறகும் பாதிதான் கேட்டது என்றால், அது கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய பலருடைய வாயில் எப்படியும் ஒரு சொத்தைப் பல்லோ கறைபிடித்துத் தேய்ந்த பல்லோ இருக்கும். வலி வந்தால் பழி போட ஒரு பல் தயாராக இருக்கிறது. அந்தப் பல்லில் சொத்தை இருப்பது உண்மை. ஆனால் இந்த வலி அதனால்தானா என்பது தனிக் கேள்வி. இதைப் பார்க்கப் பல் மருத்துவர்களிடம் எளிய முறைகள் உள்ளன. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல்லின் உயிர்ச்சதை நல்லபடியாக இருக்கிறது, ஆனால் அதன் அடியில் எலும்பு கரைந்திருக்கிறது என்றால், அந்தக் கரைவுக்கு அந்தப் பல்லின் சொத்தை காரணமாக இருக்க முடியாது. எக்ஸ்ரேயிலும் வித்தியாசம் உண்டு. வேர்ச் சீழ் என்றால் வேர் நுனியில் உருண்டையான கறுப்பு நிழல் தெரியும். புற்று அரித்த எலும்பு கரையான் தின்ற மரம் போல ஓரம் ஒழுங்கில்லாமல் தெரியும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே முடிக்கோடு போலத் தெரிய வேண்டிய இடைவெளி, பல்லைச் சுற்றி ஒரே சீராக அகன்றிருந்தால் எலும்புப் புற்றையும் நினைக்க வேண்டும் என்பது 1960களிலிருந்தே மருத்துவ நூல்களில் இருக்கிறது.

பல் பிடுங்கிய குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்லை எடுத்தவுடன் குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். ஒரு வாரத்தில் ஓரங்களிலிருந்து ஈறு வளர்ந்து மூடத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் மேலே தோல் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். இதுதான் ஒழுங்கு. பிடுங்கி மூன்று வாரமாகியும் குழி மூடி வரவில்லை, உள்ளேயிருந்து சிவந்த சதை திரளாகப் பிதுங்கி மேலே வருகிறது, நாக்குப் பட்டாலே ரத்தம் கசிகிறது என்றால், அந்தச் சதையைச் சுரண்டிக் குப்பையில் போடக் கூடாது. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எல்லாச் சதையும் புற்று அல்ல. உடைந்த எலும்புத் துணுக்கு உள்ளே நின்றுவிட்டாலும் அப்படி வளரும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் குழி ஆறத் தாமதமாகலாம். 2021இல் கொரோனாவுக்குப் பிறகு கறுப்புப் பூஞ்சை வந்தபோது மேல்தாடைப் பற்கள் ஆடியதையும் பார்த்தோம். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்காகவே பரிசோதனை.

இன்னொரு அறிகுறியை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது: கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போவது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக நரம்பு ஓடுகிறது. மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு துளை வழியே வெளியே வந்து உதட்டுக்கு உணர்ச்சி தருகிறது. பல் பிடுங்குமுன் டாக்டர் ஊசி போடும்போது உதடு தடித்தது போல ஆகிறதல்லவா, அந்த நரம்பு மரத்ததால்தான். ஊசியே போடாமல், பல்லும் பிடுங்காமல், ஒரு பக்க உதடு அப்படி மரத்திருந்தால், சவரம் செய்யும்போது அந்த இடத்தில் கத்தி படுவதே தெரியவில்லை என்றால், எலும்புக்குள் நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று பொருள். கடுமையான சீழிலும் இது சில சமயம் வரலாம். ஆனாலும் வேறு காரணம் நிரூபணமாகிறவரை பெரிய நோயாகவே நினைத்துத் தேட வேண்டும். சில பெண்களுக்கு மார்பகப் புற்று வேறிடத்துக்குப் பரவியிருப்பதற்கு முதல் அடையாளமே இந்த மோவாய் மரப்பாக இருந்திருக்கிறது. நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, ஆண்களுக்கு புராஸ்டேட் என்று வேறு உறுப்புகளில் பிறந்த புற்றும் தாடைக்கு வந்து சேர்வதுண்டு. அதிலும் கீழ்க் கடவாய்ப்பல் பக்கம்தான் அதிகம். அதனால் முன்பு எப்போதாவது புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் பல் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மறைக்கக் கூடாது.

மேல்தாடையில் அடையாளங்கள் வேறு. மேல் கடவாய்ப்பற்கள் இரண்டு மூன்று சேர்ந்தே வலிக்கும் அல்லது ஆடும். ஒரே பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும், அதில் ரத்தம் கலந்த சளி வரும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும். சரியாக உட்கார்ந்திருந்த பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவதும் கவனிக்க வேண்டியதே. பல்செட்டைத் தேய்த்துச் சரிசெய்வதற்கு முன் அண்ணத்தை விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று மட்டும். 1957இல் உகாண்டாவின் கம்பாலாவில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், தாடையின் நாலு பக்கமும் வீங்கிப் பற்கள் ஆடிய ஐந்து வயதுச் சிறுவனைப் பார்த்தார். சாதாரணச் சீழ் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வராது என்று அவருக்கு உறுத்தியது. தேடிப் போனதில் ஒரு புதிய வகை நிணநீர்ப் புற்று அடையாளம் காணப்பட்டு, இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மிக வேகமாக வளரும். ஆனால் மருந்துச் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற புற்றுகளில் அதுவும் ஒன்று. விழும் வயது வராத பால்பல் காரணமில்லாமல் ஆடினால், கன்னம் நாளுக்கு நாள் பெரிதானால், பொன்னுக்கு வீங்கி என்று வேப்பிலை வைத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பல்வலி என்ற பெயருக்குப் பின்னால் தாடைப் புற்று இருந்த கதைகளில் உலகறிந்தது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்துடையது. 1893ஆம் ஆண்டு அண்ணத்தின் இடப்பக்கம், கடவாய்ப்பல்லை ஒட்டி, சொரசொரப்பாக ஏதோ இருப்பதை அவரே உணர்ந்தார். மருத்துவர் பார்த்தார், ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். நாட்டில் அப்போது பெரிய நிதி நெருக்கடி. தலைவருக்குப் புற்று என்று தெரிந்தால் சந்தை இன்னும் சரியும் என்று அஞ்சி, ஜூலை 1ஆம் தேதி ‘ஒனைடா’ என்ற படகிலேயே ரகசியமாக அறுவை செய்து இட மேல்தாடையின் ஒரு பகுதியையும் சில பற்களையும் எடுத்தார்கள். வெளியுலகுக்குச் சொன்னது: பல் பிடுங்கினார்கள், அவ்வளவுதான். உண்மையை எழுதிய பத்திரிகையாளரைப் பொய்யர் என்றார்கள். அறுவையில் பங்கெடுத்த டாக்டர் கீன் 1917இல் எழுதியபோதுதான் எல்லாம் வெளிவந்தது. அரசியல் காரணத்துக்காகச் சொன்ன பொய் அது. இந்தக் கதையில் நமக்கு வேண்டியது வேறு. மயக்க மருந்தும் கிருமிநாசினியும் அரைகுறையாக இருந்த காலத்தில் அறுவை செய்துகொண்ட அந்த மனிதர் 1908 வரை, 15 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடையது மெதுவாக வளரும் வகை என்பது ஒரு காரணம். சொரசொரப்பைக் கண்டவுடன் காட்டியதும், காட்டியவுடன் சதை எடுத்துப் பார்த்ததும் இன்னொரு காரணம்.

நம் ஊரில் இந்த நோய் பெரும்பாலும் எங்கே பிறக்கிறது என்பதற்கு விடை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது. கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வரும் புற்றை மருத்துவர்கள் இந்திய வாய்ப்புற்று என்றே சொல்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையை எங்கே அடக்குகிறோமோ, பாக்கெட் புகையிலையை எங்கே ஒதுக்குகிறோமோ, அதே இடம். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாய்ப்புற்று வருகிறது. ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இதுவே முன்னணியில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2013இல் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை போட்டார்கள். பாக்கெட்டுகள் கைமாறுவது நிற்கவில்லை. புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கு ஆபத்தில்லை என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் உண்டு. பாக்கே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முடிவு சொல்லிவிட்டது. பாக்கு பழகியவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, இறுகி, வாய் திறக்க முடியாமல் போகிறது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விட முடியவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஞானப்பல் வருவதால் வாய் திறக்கவில்லை என்று அதையும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பல்வலிக்குப் புகையிலையை அடக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சற்று நேரம் மரத்துப்போவதால் வலி குறைந்தது போல் இருக்கும். அப்படித் தொடங்கியதைப் பல் சரியான பிறகும் விட முடியாமல் முப்பது வருடம் தொடர்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் பெண்களிடமும், இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டுகிறவர்களிடமும் இது தப்பாகவே பார்க்கப்படுவதில்லை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அடக்குகிற இடத்தை மாதம் ஒருமுறை விரலால் விலக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னால், அதைச் செய்வார்கள். பழக்கமே இல்லாதவர்களுக்கும், குறிப்பாக வயதான பெண்களுக்கு, ஈறில் புற்று வருவதுண்டு. ஆகவே “எனக்குத்தான் எந்தப் பழக்கமும் இல்லையே” என்பது ஆறாத புண்ணை விட்டுவைக்கக் காரணம் ஆகாது.

பக்கத்துச் சிவகாசியை நினைத்தால் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குப் பல்வலியில் தொடங்கித் தாடை எலும்பே அழுகிவிழுந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் புகைதான் காரணம் என்று தெரிந்து, 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன; இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது அதற்குப் பிறகு, 1920களில். அந்தக் கொடுமை நம் மக்களைத் தொடாமல் போனது அதனால்தான். அது புற்று அல்ல. ஆனாலும் முதலில் எல்லாரும் அதைப் பல் சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்தார்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் முதலில் வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 13 பஞ்சாயத்துகளில் 35 வயதைக் கடந்த சுமார் 1,90,000 பேர். ஒரு பாதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். மறு பாதியில் வழக்கம்போல விட்டார்கள். 2005இல் முடிவு வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டாக்டர் கூட இல்லை, வெறும் கண்ணும் வெளிச்சமும்தான். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டு இதே கிராமங்களின் வாசல்வரை வருகிறார்கள். வருகிறபோது வாயையும் பாருங்கள் என்று கேட்பது நம் உரிமை.

வீட்டிலும் பார்க்கலாம். பல் தேய்த்த பிறகு பகல் வெளிச்சத்தில், பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு. கன்னத்தை விரலால் இழுத்துப் பள்ளத்தைப் பாருங்கள், நாக்கைத் தூக்கி அடியையும் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, ஓரம் தடித்த புண் ஏதாவது இருக்கிறதா? தாடைக்குக் கீழே விரலால் தடவினால் கட்டி தட்டுப்படுகிறதா? சீழால் வரும் நெறிக்கட்டி தொட்டால் வலிக்கும், பல் சரியானதும் கரையும். வலிக்காமல், கல் போல, அசையாமல் இருப்பதுதான் மோசமானது. வலிக்கவில்லை என்பதற்காகவே அதை விட்டுவைப்பவர்கள் அதிகம்.

இரண்டு வாரம் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லுக்கு உரிய சிகிச்சை நடந்து, காரணத்தை நீக்கி, இரண்டு வாரமாகியும் புண்ணோ வீக்கமோ வலியோ அடங்கவில்லை என்றால், மூன்றாவது செட்டு மாத்திரைக்கு வேலை இல்லை. “டாக்டர், இது ஆறவே இல்லை. சதை எடுத்துப் பார்க்கலாமா?” என்று நாமே கேட்கலாம். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். மருந்துக்கடை அண்ணாச்சிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒரே ஆள் ஒரே பக்கப் பல்வலிக்கு மூன்றாவது தடவை வந்து நிற்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். “போதும், டாக்டரைப் பாத்துட்டு வாங்க” என்று அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை ஒரு தாடையைக் காப்பாற்றும்.

சதை எடுக்கப் பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. “கத்தி பட்டா பரவிடும்” என்ற பேச்சு திண்ணைக்குத் திண்ணை இருக்கிறது. வாயில் சந்தேகப்பட்ட இடத்தில் சிறு துணுக்கு எடுப்பதால் நோய் பரவிவிடாது. இந்தப் பேச்சு எப்படி வந்தது என்றால், நோய் முற்றிய பிறகே பலருக்குச் சதை எடுக்கிறார்கள். அடுத்த சில மாதத்தில் அவர் இறந்துபோனால் பழி கத்தியின் மேல் விழுகிறது. உண்மையில் நடப்பது சிறிய வேலை. மரப்பு ஊசி போட்டு, அரிசி அளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ ஒரு துணுக்கு எடுத்து, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகளில் காட்டிவிட்டு, அங்கிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். சென்னை என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய் அறுவையும் கதிர்வீச்சும் அடங்கும். போகும்போது அட்டையையும் ஆதாரையும் பழைய எக்ஸ்ரேக்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பழைய எக்ஸ்ரே முக்கியம்: எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைந்திருக்கிறது என்பதை இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

முடிவு புற்று என்றே வந்தாலும், ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் அறுவையோடு தீர்ந்துவிடும். தாடையின் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தாலும், கெண்டைக்கால் பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வந்து புதுத் தாடை வைக்கும் முறை 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது. கதிர்வீச்சு தேவைப்பட்டால், அதற்கு முன்பே கெட்ட பற்களை எடுத்துவிடச் சொல்வார்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன பிறகும் இது பொருந்தும்.

முடிவு “புற்று இல்லை” என்று வந்தால் மகிழ்ச்சிதான். ஆனாலும் புண்ணைப் பாருங்கள், தாளை மட்டும் பார்க்காதீர்கள். துணுக்கு மேலாக எடுக்கப்பட்டிருக்கலாம், செத்த சதையில் எடுக்கப்பட்டிருக்கலாம். அறிக்கை வந்து இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டால் அதோடு விட்டுவிடலாம். ஆறவில்லை என்றால், அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் போய், இன்னொரு இடத்திலிருந்து, சற்று ஆழமாக எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.